வைஃபை இருக்கிறது, நெட் இல்லை: விளக்கைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் தெருவில் யார் வீட்டில் நெட் நின்றாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே மூன்று காரியங்கள் நடந்து முடிந்திருக்கும். ரவுட்டரைப் பலமுறை அணைத்துப் போட்டிருப்பார்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். வீட்டுக்கு வந்த மச்சானோ மாப்பிள்ளையோ பெட்டியின் பின்புறத் துளையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்திருப்பார். முதல் இரண்டால் பெரிய நஷ்டமில்லை. மூன்றாவது, பத்து நிமிட வேலையை இரண்டு நாள் வேலையாக்கிவிடும். பெட்டிக்குள் சேமித்திருந்த இணைப்பு விவரம் எல்லாம் அதோடு அழிந்துபோகும். பெரிய நிறுவனங்களின் சில பெட்டிகள் அந்த விவரத்தைத் தாங்களே மறுபடி இறக்கிக்கொள்ளும். உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த பெட்டிகளில் பெரும்பாலும் அது நடக்காது. அவரே வந்து உட்கார வேண்டும்.

இங்கே சொல்வது ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளுக்கு. சிலர் வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியே வைஃபையும் தரும். சிலர் வீட்டில் ஃபைபருக்கு ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து குட்டைக் கேபிள் வழியாகத் தனி ரவுட்டர். உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சில சோதனைகள் இரட்டைப் பெட்டி வீடுகளுக்கு மட்டும்தான்.

## எதையும் தொடுவதற்கு முன்

பெட்டியின் முன்பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அணைத்துப் போட்டால் விளக்குகளின் நிலை மாறிவிடும். பழுது எங்கே என்று சொல்லும் சாட்சி அதுதான்.

அடுத்து, எல்லாக் கருவிகளிலும் நெட் இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா என்று பாருங்கள். இதைச் சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். "என் போனில் வருதே, உங்க லேப்டாப்தான் கோளாறு" என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான்.

பக்கத்து வீட்டுக்காரரும் உங்கள் நிறுவனத்தின் இணைப்பையே வைத்திருந்தால், அவருக்கு வருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கும் இல்லையென்றால் உங்கள் வீட்டுக்குள் எதையும் கழற்ற வேண்டாம்.

பிறகு ஒரே ஒரு முறை, முறைப்படி அணைத்துப் போடுங்கள். ரவுட்டர், ஃபைபர் பெட்டி இரண்டையும் அரை நிமிடம் அணைத்து வையுங்கள். ஃபைபர் பெட்டியை முதலில் போட்டு, பான் (PON) என்று எழுதிய விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதன் பிறகு ரவுட்டர். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து ஒரே ஸ்விட்சில் எழும்போது, சில ரவுட்டர்கள் ஃபைபர் பெட்டி தயாராவதற்குள் முயன்று தோற்று அப்படியே நின்றுவிடும். இதிலும் சரியாகவில்லை என்றால் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவதில் பலனில்லை. விளக்கைப் பாருங்கள்.

## அறிகுறி: எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பு

வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. சிவப்பாக எரிந்தாலும் மினுக்கினாலும் பொருள் ஒன்றுதான். இது அணையும்வரை ரீசார்ஜ், பாஸ்வேர்டு, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) எதைப் பற்றியும் பேச்சே வேண்டாம். ஆனாலும் நான் பார்த்த வீடுகளில் அதிக நேரம் வீணாவது இந்தச் சிவப்பு விளக்கை முன்னால் வைத்துக்கொண்டு கைபேசியின் செட்டிங்கைக் கிளறுவதில்தான்.

### பக்கத்து வீட்டிலும் சிவப்பு

தெருவுக்கு வரும் கேபிள் அறுந்திருக்கலாம். பள்ளம் தோண்டுவது, உயரமாக ஏற்றிய லாரி, மின்கம்பிக்காக மரக்கிளை வெட்டுவது என்று காரணங்கள் நிறைய. அல்லது நிறுவனத்தின் பக்கம் கருவிக்கு மின்சாரம் இல்லை. சின்ன ஆபரேட்டர்களின் கருவி ஏதோ ஒரு கடை மாடியில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். மின்வெட்டு நீண்டால் பேட்டரி தீர்ந்து ஒரு வட்டாரமே சிவப்பாகும். புகார் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

### உங்கள் வீட்டில் மட்டும் சிவப்பு

முதலில் கனெக்டர். ஃபைபர் பெட்டிக்குள் நுழையும் முனை பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். வீடு பெருக்கும்போதும் டிவி ஸ்டாண்டை நகர்த்தும்போதும் இம்மியளவு வெளியே வந்துவிடும், பார்வைக்கு மாட்டியது போலவே தெரியும். மெல்ல இழுத்து, நேராக வைத்து, 'டிக்' என்று கேட்கும்வரை உள்ளே தள்ளுங்கள். வெள்ளை முனையை விரலால் தொடாதீர்கள். கைப்பிசுக்கே ஒளியை மறைக்கப் போதும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து 'ஒளி வருதா' என்று பார்க்காதீர்கள். வரும் ஒளி 1490 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும்.

இடையில் நீல முனையும் பச்சை முனையும் ஒன்றோடொன்று மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சையின் முனை சாய்வாகச் சீவப்பட்டது, நீலம் அப்படியல்ல. இரண்டையும் சேர்த்தால் ஒளியில் ஒரு பங்கு வீணாகும். அவசரத்துக்கு யாரோ மாட்டிவிட்டுப் போனது சில மாதம் ஓடி, ஒரு நாள் நின்றுவிடும்.

அடுத்து மடிப்பு. கேபிள் நுழையும் ஜன்னலிலிருந்து பெட்டிவரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஜன்னல் கதவு நசுக்கிய இடம், சோபா கால் ஏறிய இடம், கட்டுக்கம்பி இறுக்கிய இடம், மிச்சக் கேபிளைச் சின்னதாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட இடம். சுருள் ஒரு காப்பி டம்ளரின் வாயைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. மடிப்பை நீவிவிட்டால் சில நேரம் அந்தக் கணமே விளக்கு அணைந்துவிடும்.

பிறகு மாடிக்கும் வெளிச்சுவருக்கும் போய்ப் பாருங்கள். அணில் கடித்த கேபிள் பார்த்ததும் தெரியும். மேல்தோல் உரிந்து வெள்ளை இழை வெளியே நிற்கும். அதை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. இரு முனையையும் சீவி உருக்கி ஒட்டத் தனி இயந்திரம் வேண்டும். உடைந்த இழைத் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு, வெறுங்கையால் தொடாதீர்கள்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

கனெக்டரும் மடிப்பும் பார்த்தாயிற்று, சிவப்பு போகவில்லை என்றால் உடனே. இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது அவ்வளவுதான். வருபவர் ஒளியை அளக்கும் பவர் மீட்டர் கொண்டுவருவார். கேபிள் முனையில் வரும் அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பகுதியில் அது என்ன என்று சொல்கிறேன்.

## அறிகுறி: பான் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது

ஒளி வருகிறது, ஆனால் பெட்டியால் நிறுவனத்தின் கருவியோடு கைகோக்க முடியவில்லை. போட்ட முதல் இரண்டு மூன்று நிமிடம் மினுக்குவது இயல்பு. பத்து நிமிடத்துக்குப் பிறகும் மினுக்கினால்தான் பழுது.

பெட்டியைச் சமீபத்தில் மாற்றினீர்களா? புதுப் பெட்டியின் வரிசை எண்ணை நிறுவனம் தன் பக்கம் பதிய வேண்டும். நண்பர் வீட்டில் சும்மா கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். தொலைபேசியில் எண்ணைச் சொன்னாலே முடிந்துவிடும்.

மாற்றவில்லை என்றால், ஒளி வருகிறது ஆனால் மங்கலாக வருகிறது. கனெக்டர், மடிப்பு சோதனைகளை இங்கேயும் செய்யுங்கள். பிறகு பெட்டியின் செட்டிங் பக்கத்தை ப்ரௌசரில் திறந்து பாருங்கள். கைபேசியில் வைஃபை பெயரைத் தட்டினால் 'கேட்வே' என்று ஒரு முகவரி காட்டும், 192.168.1.1, 192.168.0.1, 192.168.100.1, 192.168.29.1 என்பது போல இருக்கும். அதை ப்ரௌசரில் இட்டால் பெட்டியின் பக்கம் திறக்கும். லாகின் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே 'ஆப்டிகல்' என்ற தலைப்பில், உள்ளே வரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில், மைனஸ் எண்ணாக இருக்கும். −15 முதல் −25 வரை இருந்தால் கவலையில்லை. −27ஐத் தொட்டால் பெரும்பாலான பெட்டிகளுக்கு அது விளிம்பு. நெட் விட்டுவிட்டு வரும் அல்லது வரவே வராது. மைனஸ் என்பதால் எண் பெரிதானால் ஒளி குறைகிறது என்று பொருள். நெட் நன்றாக ஓடும் நாளில் இதைப் பார்த்து எழுதி வைத்திருந்தால், பழுதான நாளில் ஒப்பிட வசதி.

எண் −27ஐ நெருங்கியிருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். 'ஸ்பீட் குறைவு' என்று புகார் சொல்வதைவிட 'உள்ளே வரும் பவர் −28 காட்டுது' என்று சொன்னால் லைன் பார்க்கிற ஆளே வருவார்.

## அறிகுறி: பான் நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு இல்லை அல்லது சிவப்பு

லைன் நன்றாக இருக்கிறது. கணக்கிலோ லாகினிலோ தடங்கல். என்னைக் கூப்பிடும் வீடுகளில் அதிகம் பார்ப்பது இந்த நிலையைத்தான். அதிலும் முக்கால்வாசி முதல் காரணத்திலேயே முடிந்துவிடும்.

### ரீசார்ஜ்

கூச்சப்படாமல் இதை முதலில் பாருங்கள். கணக்கு மகன் பெயரில், குறுஞ்செய்தி போவது அவன் வெளியூர் எண்ணுக்கு, இங்கே அப்பா ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். திட்டம் நள்ளிரவில் முடிவது வழக்கம். 'ராத்திரி படம் பார்க்கும்போது இருந்துச்சு, காலையில இல்லை' என்றால் இதுவாகத்தான் இருக்கும். ப்ரௌசரில் எதைத் திறந்தாலும் 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை வருவதும், பணம் கட்டும் பக்கத்துக்கே திரும்புவதும் இதற்கு அடையாளம்.

பணம் கட்டியும் வரவில்லையா? பெட்டி இன்னும் பழைய இணைப்பிலேயே நின்றுகொண்டிருக்கலாம். ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

### இரட்டைப் பெட்டி வீடுகளில் குட்டைக் கேபிள்

ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ரவுட்டரின் 'வான்' (WAN) துளைக்குள் போக வேண்டும். பல ரவுட்டர்களில் அது தனி நிறம், பெரும்பாலும் நீலம், மற்றவை மஞ்சள். போகிக்கும் வெள்ளையடிப்புக்கும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய பிறகு இது மாறிப்போகும். சரியான துளையில் இருந்தும் அந்தத் துளையின் விளக்கு எரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்த கேபிள் பார்வைக்கு மாட்டியது போல இருக்கும், தொடர்பு இருக்காது. செல்லோடேப் ஒட்டி ஓட்டாதீர்கள். புதுக் கேபிள் மலிவு.

### லாகின் தோல்வி

பெட்டியின் பக்கத்தைத் திறந்து 'வான்' நிலையைப் பாருங்கள். முகவரி 0.0.0.0 என்று இருந்தால் நிறுவனம் இணைப்பைக் கொடுக்கவில்லை. 'பிபிபிஓஇ' வகை இணைப்பானால் அதற்கென்று ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டு; வைஃபை பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'ஆதன்டிகேஷன் ஃபெயில்ட்' என்றோ 691 என்றோ காட்டினால் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு, அல்லது கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. ரீசெட் செய்த வீடுகளில் இந்தக் கட்டமே காலியாக இருக்கும். நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த இரண்டையும் கேட்டு, எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள்.

விவரம் சரி, இருந்தும் லாகின் ஆகவில்லை, அதுவும் மின்சாரம் போய் வந்த பிறகு என்றால், முந்தைய இணைப்பு நிறுவனத்தின் பக்கம் இன்னும் திறந்தே இருக்கலாம். ஒரு கணக்குக்கு ஒரு இணைப்பு என்று வைத்திருப்பார்கள். ரவுட்டரைப் பத்து நிமிடம் அணைத்துவைத்துப் போடுங்கள்.

அங்கே முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான ஒன்றாகவோ தொடங்கினால் பதற வேண்டாம். பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு அது. நெட் அதில் நன்றாகவே ஓடும்.

### புது ரவுட்டர் மாட்டிய பிறகு

கேபிள்காரர்களில் பலர் பழைய ரவுட்டரின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) கணக்கைக் கட்டிவைத்திருப்பார்கள். புது ரவுட்டரில் எல்லாம் சரியாக இட்டும் வராது. ரவுட்டர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 'ரவுட்டர் மாத்தியிருக்கேன், மேக் ரீசெட் பண்ணிக் குடுங்க' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். இரவு நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றால், ரவுட்டரில் 'மேக் க்ளோன்' என்ற இடத்தில் பழையதன் எண்ணை இட்டும் சமாளிக்கலாம். அது பழைய ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும்.

## அறிகுறி: எல்லா விளக்கும் பச்சை, எந்தக் கருவியிலும் நெட் இல்லை

இங்கே முதலில் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். ப்ரௌசர் ஒன்றையும் திறக்காது, ஆனால் டெலிகிராமில் மட்டும் செய்தி வந்துகொண்டிருக்கும் என்றால் சந்தேகம் வலுக்கிறது. கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ping 8.8.8.8 என்று அடித்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். பல ரவுட்டர்களின் செட்டிங் பக்கத்திலேயே இந்தச் சோதனை உண்டு. எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ்தான். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, இரண்டாவதாக 1.1.1.1 என்று இட்டுச் சேமியுங்கள். கைபேசியின் வைஃபையை அணைத்துப் போட்டால் புதியது வந்துவிடும்.

எண்ணுக்கே பதில் இல்லை, வீட்டில் இரண்டு பெட்டி இருக்கிறது என்றால், இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபைபர் பெட்டியும் 192.168.1.1, ரவுட்டரும் 192.168.1.1 என்றால் ரவுட்டருக்கு வெளியே போகும் வழி தெரியாது. ரவுட்டரின் லான் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.5.1 என்பது போல மாற்றினால் தீர்ந்தது. மாடிக்கு சிக்னல் வேண்டும் என்று இரண்டாவது ரவுட்டர் மாட்டியவர்கள் அதை, சிக்னலை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது. அந்த வசதி இல்லையென்றால் அதன் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். இரண்டு பெட்டிகள் போட்டிபோட்டு முகவரி கொடுக்கும் வீட்டில் காலையில் ஒரு போனுக்கு வரும், மாலையில் வேறு போனுக்கு வரும், காரணமே பிடிபடாது.

அபூர்வமாக ஒன்று: ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே ரவுட்டரின் மஞ்சள் துளைகளில் மாட்டியிருக்கும். சும்மா தொங்கிய முனையை யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருப்பார்கள். விளக்குகளெல்லாம் ஒரே வேகத்தில் படபடக்கும். உருவிவிட்டால் போதும்.

இவை எதுவும் இல்லையென்றால் பழுது நிறுவனத்தின் உள்வலையில் இருக்கலாம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

## அறிகுறி: ஒரே ஒரு கருவியில் மட்டும் இல்லை

ரவுட்டரைத் தொடாதீர்கள். கோளாறு அந்தக் கருவியில்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் முதலில் 'பிரைவேட் டிஎன்எஸ்' செட்டிங்கைப் பாருங்கள். விளம்பரம் வராமல் இருக்க யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே ஒரு பெயரை இட்டிருப்பார்கள். அந்தச் சேவை நின்ற அன்று, வைஃபை முழுச் சிக்னலோடு இருந்தும் ஒன்றும் திறக்காது. 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். கையோடு விபிஎன் செயலி எதுவும் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு தேதி, நேரம். பேட்டரி முழுக்கத் தீர்ந்து எழுந்த பழைய கைபேசியிலும், மதர்போர்டு பேட்டரி செத்த கணினியிலும் ஆண்டு பின்னோக்கிப் போயிருக்கும். எல்லாத் தளமும் சான்றிதழ் தவறு என்று மறுக்கும்.

அடுத்து அந்த வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்து மீண்டும் இணையுங்கள். 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்றே நின்றாலோ, கணினியில் முகவரி 169.254 என்று தொடங்கினாலோ, ரவுட்டர் அந்தக் கருவிக்கு முகவரி கொடுக்கவில்லை. யாராவது அதில் நிலையான முகவரியைக் கையால் இட்டிருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள். அனுமதித்த மேக் எண்களை மட்டும் உள்ளே விடும் மேக் வடிகட்டியை ரவுட்டரில் போட்டிருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் கைபேசிகள் உண்மையான மேக் எண்ணை மறைத்து வேறு எண்ணைக் காட்டுகின்றன. ரவுட்டர் அதை அந்நியன் என்று தடுத்துவிடும். அந்த வைஃபைக்கு மட்டும் இந்த மறைப்பை அணைத்துவிடலாம். என்னைக் கேட்டால் வடிகட்டியையே எடுத்துவிடுங்கள். நல்ல பாஸ்வேர்டு இருக்கும் வீட்டில் அதனால் தலைவலி மட்டும்தான் மிச்சம்.

விண்டோஸ் கணினியில் எதுவும் பலிக்கவில்லை என்றால் செட்டிங்கில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. ரவுட்டர் ரீசெட்டைப் போல இதில் பயமில்லை. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் போன்ற நெட்வொர்க் அமைப்புகளும் போகும், திரும்ப இட்டுக்கொள்ளலாம்.

## அறிகுறி: சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

வங்கித் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும், யூடியூப் ஓடும். பிபிபிஓஇ இணைப்பில் புது ரவுட்டர் மாட்டிய பிறகு இப்படி ஆனால் 'எம்டியூ' மதிப்பைப் (ஒரு முறைக்கு அனுப்பும் தரவுத் துண்டின் உச்ச அளவு) பாருங்கள். 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். மாறவில்லையென்றால் ரவுட்டரில் ஐபிவி6 என்ற புதுவகை முகவரி முறையைத் தற்காலிகமாக அணைத்துச் சோதியுங்கள்.

ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தைய கைபேசியிலும் பழைய ஸ்மார்ட் டிவியிலும் மட்டும் இந்தத் தொல்லை என்றால் உங்கள் நெட் மேல் குற்றமில்லை. தளம் உண்மையானதா என்று சரிபார்க்கப் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. புதுப்பிக்க வழியில்லாத பழைய டிவிகள் பல அன்றிலிருந்தும், அந்தப் பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் 2024-இலிருந்தும் திணறுகின்றன. அதற்காக ரவுட்டரை மாற்றுவது வீண் செலவு.

## அறிகுறி: விட்டுவிட்டு வருகிறது

நெட் போகும் அந்த நிமிடம் ஓடிப்போய் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் சிவப்பு ஒரு கணம் மினுக்கினால் பழுது ஃபைபரில். காற்றடிக்கும்போது மட்டும் நடந்தால் வெளியே தொங்கும் கேபிளில். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து எழுந்தால் மின்சாரத்தில்.

மின்சாரம் என்றால் அடாப்டர். இரண்டு மூன்று வருடம் ஆன அடாப்டர் விளக்கை எரியவைக்கும் அளவுக்கு மின்சாரம் தரும், நாலு பேர் ஒன்றாக வீடியோ பார்க்கும்போது தாங்காது. தொட்டால் சுடுகிறதா, மெல்லிய சத்தம் வருகிறதா என்று பாருங்கள். மாற்றும்போது வோல்ட் பெட்டியில் எழுதியபடியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 9 வோல்ட் ரவுட்டருக்கும் 12 வோல்ட் ரவுட்டருக்கும் ஊசி பெரும்பாலும் ஒரே அளவு என்பதால் ஒன்றை மற்றதில் செருக முடியும். செருகிப் பார்த்துத்தான் பல ரவுட்டர்கள் போயின. அடாப்டர் சில நூறு ரூபாய். ரவுட்டர் ஆயிரத்துக்கு மேல். இந்த வரிசையில் மாற்றுங்கள்.

கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் அணைந்து எழுகிறதா? இன்வெர்ட்டரின் பின்னால் 'யூபிஎஸ் மோட்' ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். மாற்றம் வேகமாக நடக்கும். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ், வோல்ட் பொருந்துகிறதா என்று பார்த்து.

வெப்பமும் ஒரு காரணம். செட்டாப் பாக்ஸ் மேல் ரவுட்டர், அதன் மேல் துணி உறை என்று வைத்திருந்தால் கத்திரி வெயிலில் மதியம் மட்டும் நிற்கும். தனியே எடுத்து வையுங்கள்.

விளக்குகள் அசையவே இல்லை, உள்ளறையில் மட்டும் போகிறது என்றால் அது சிக்னல். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் சுவரைத் தாண்டுவதில் சுணங்கும்; உள்ளறைக் கருவிகளை 2.4க்கு மாற்றுங்கள். அடுக்குமாடியில் 2.4 நெரிசலாக இருந்தால் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றி எது தேவலை என்று பாருங்கள்.

## அறிகுறி: இடி மழைக்குப் பிறகு நெட் இல்லை

ஃபைபர் இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் மாடி வழியாக வரும் லான் கேபிளில் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போவது பெரும்பாலும் ரவுட்டரின் வான் துளை. பெட்டி எழும், வைஃபை வரும், அந்த ஒரு துளையின் விளக்கு மட்டும் எரியாது. அதே கேபிளை லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால் துளை போனது உறுதி. சில ரவுட்டர்களில் மஞ்சள் துளை ஒன்றையே வானாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. புதிது வாங்கும்வரை அதில் ஓட்டலாம். ரவுட்டர் எழவே இல்லை என்றால் முதலில் அடாப்டரை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

'நெட் வரலை' என்று மட்டும் சொன்னால் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பார்கள், ஒரு நாள் போய்விடும். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, பாக்ஸ்ல எல்ஓஎஸ் சிவப்பா மினுக்குது. பக்கத்து வீட்ல வருது, எங்க வீட்ல மட்டும்தான் இல்லை. பச்சை கனெக்டரைக் கழட்டி மாட்டிட்டேன், மடிப்பு எதுவும் இல்லை. லைன் எங்கயாவது கட்டான்னு பாக்கணும்." முதலில் எடுத்த படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வந்தவர் கேபிளை ஒட்டிவிட்டுக் கிளம்பும் முன் பவர் மீட்டர் அளவைக் காட்டச் சொல்லுங்கள். −26 என்று இருந்தால் அடுத்த மழைக்கு மறுபடி வர வேண்டியிருக்கும் என்று அவருக்கே தெரியும். 'இப்பவே சரியா ஒட்டிடுங்க' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிறுவனம் கொடுத்த பெட்டி பழுது என்றால் மாற்றிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பா, உங்கள் செலவா என்பது இணைப்பு வாங்கியபோது வைத்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

புகாருக்கு எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிகளின்படி நிறுவனம் ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுக்க வேண்டும். புகாரைத் தீர்க்கவில்லை, அல்லது தீர்த்ததாகச் சொல்லி மூடிவிட்டார்கள் என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் காட்டிக் கட்டணமின்றி முறையிடலாம். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். உள்ளூர் கேபிள்காரர் போனை எடுக்கவில்லை என்றால் அவர் எந்த நிறுவனத்தின் இணைப்பைத் தருகிறாரோ அதன் வாடிக்கையாளர் எண்ணிலேயே பதியுங்கள். அந்த எண் உங்கள் ரசீதில் இருக்கும்.